பெட்டி மேல் போட்ட லுமெனை நம்பாதீர்கள்: தோட்டத்துக்கு டார்ச் லைட் பார்த்து வாங்குவது

பெட்டி மேல் 20,000 லுமென் (லைட் வெளியே தள்ளும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மூடியைத் திருகினால் உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு பேட்டரி இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை. ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டார்ச் லைட்டில் எல்லாக் கணக்கும் பேட்டரியில்தான் தொடங்குகிறது. எல்இடி, கண்ணாடி, உடம்பு எல்லாம் அதற்குப் பிறகு.

அதற்கும் முன்னால், எந்த வேலைக்கு என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ராத்திரி மோட்டார் போடப் போகிறவருக்கும், கீழ்பவானி வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும்போது மடை திருப்பப் போகிறவருக்கும் காலடி முதல் இருபது முப்பது அடி வரை அகலமாக வெளிச்சம் வேண்டும். தூரத்துக்கு அடிக்கும் லைட் இங்கே தொந்தரவுதான். நடுவில் வட்டமாகக் கண்ணைக் கூச வைத்துவிட்டு, வரப்பின் இரண்டு ஓரத்தையும் இருட்டாக விட்டுவிடும். காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) பட்டி போட்டிருப்பவர் கதை வேறு. நாய் புகுந்ததா என்று சாளை (தோட்டத்து வீடு) வாசலில் நின்றபடியே கிளுவை வேலி வரை பார்க்க வேண்டும் என்றால், குறுகலாகப் பாயும் ஒளி வேண்டும். ஆழக் கிணற்றை எட்டிப் பார்க்கவும் அதுவே தோது. இரண்டையும் ஒரே லைட் செய்யும் என்று கடைக்காரர் சொன்னால், இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். (போர்வெல் குழாய்க்குள் பார்க்க டார்ச்சே வேண்டாம். உச்சி வெயிலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பினால், எந்த லைட்டும் காட்டாத ஆழம் தெரியும்.)

பேட்டரிக் கணக்கு

இப்போது வரும் நல்ல லைட்டுகளில் பெரும்பாலும் இரண்டு அளவு லித்தியம் பேட்டரிதான். 18650 என்பது 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 21700 என்பது 21-க்கு 70. பெயரே அளவு. முதலாவதில் நிஜமாகக் கிடைக்கும் கொள்ளளவு 2,500 முதல் 3,500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) வரை. இரண்டாவதில் 4,000 முதல் 5,000, மிஞ்சிப்போனால் அதற்குச் சற்று மேலே. ஒற்றை 18650-இன் மேல் 6,800 என்றோ 9,900 என்றோ அச்சடித்திருந்தால் அது பொய். அந்த அளவு உருளைக்குள் அவ்வளவு மின்சாரத்தை அடைக்க இன்னும் யாராலும் முடியவில்லை.

எடை போட்டுப் பாருங்கள். நல்ல 18650 ஏறத்தாழ 45 முதல் 48 கிராம் இருக்கும். 21700 என்றால் 70 கிராம் சுமார். நகைக்கடைத் தராசோ சமையலறை டிஜிட்டல் தராசோ போதும். 18650 ஒன்று முப்பது கிராம் சொச்சம் காட்டினால், உள்ளே சின்ன செல்லை வைத்து அடைத்ததாக இருக்கலாம். செல்லின் மேலோ பேக்கின் மேலோ பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ‘ஆர்-’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் செல்லுக்கு ஐஎஸ் 16046 தரத்தின்படி பதிவு கட்டாயம். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவு இருக்கிறது என்று காட்டும். பெட்டியில் இருக்கும் பெயரும் அதுவும் சம்பந்தமே இல்லாமல் இருந்தால், கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிடுங்கள்.

இனி லுமென் கணக்கு. 3,400 எம்ஏஎச் என்பது 3.4 ஆம்பியர்-மணி. அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12 வாட்-மணி சொச்சம். நன்றாகச் செய்த டார்ச் ஒரு வாட்டுக்குச் சுமாராக 100 லுமென் வெளியே தள்ளும். மலிவுச் சரக்கு 70, 80 தள்ளினாலே பெரிது. ஆகவே ஒரு 18650-க்குள் இருப்பது மொத்தம் 1,200 லுமென்-மணி. 1,200 லுமென் எரித்தால் ஒரு மணி நேரம். 300 எரித்தால் நாலு மணி நேரம். 100 எரித்தால் பன்னிரண்டு மணி நேரம். 5,000 எம்ஏஎச் கொண்ட 21700 என்றால் 1,800. மூன்று 18650-ஐச் சேர்த்து அடைத்த பெரிய லைட் என்றால் 3,600. பெட்டியில் போட்டிருக்கும் லுமெனையும் நேரத்தையும் பெருக்குங்கள். இந்தத் தொகைக்குள் வந்தால் பேசலாம். முதல் வரியில் சொன்ன 20,000 லுமென் லைட் ஆறு மணி நேரம் எரியும் என்றும் போட்டிருந்தால் 1,20,000 வருகிறது. நூறு மடங்கு புளுகு.

நேர்மையான கம்பெனியின் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆன்சி எஃப்எல்-1 என்ற, டார்ச்சுக்கான அமெரிக்கத் தரமுறைப்படி, சுவிட்ச் போட்ட 30 வினாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் அளந்த வெளிச்சத்தைத்தான் லுமென் என்று போடுவார்கள். எரியும் நேரம் என்பது அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக விழும்வரை உள்ள நேரம். ‘3,000 லுமென், 5 மணி நேரம்’ என்றால் ஐந்து மணி நேரமும் 3,000 வரும் என்று பொருளல்ல. மூன்றாவது நிமிடத்தில் 700-க்கு இறங்கி, மீதி நேரமெல்லாம் அதிலேயே ஓடியிருக்கும். ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. கொடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் எல்இடியில் சூடாகவே மாறுகிறது. கைப்பிடி அளவு அலுமினியத்தால் முப்பது வாட்டை ஆற்ற முடியாது. அதனால் லைட் தானே இறங்கிக்கொள்கிறது. சித்திரை வெயிலில் கரூர் பக்கம் ராத்திரியும் காற்று சூடாக இருக்கும்போது இன்னும் சீக்கிரம் இறங்கும். அரை மணி கழித்து எவ்வளவு வெளிச்சம் நிற்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

காடிப் பேட்டரி லைட்

சந்தையிலும் எலக்ட்ரிக்கல் கடையிலும் இன்னும் அதிகம் விற்பது 4 வோல்ட், 6 வோல்ட் காடிப் பேட்டரி (லெட்-ஆசிட்) போட்ட பெரிய பிளாஸ்டிக் லைட்டுதான். கை நிறையக் கனம் இருப்பதால் ‘ஹெவி டியூட்டி’ என்று தோன்றும். ஆறு வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி என்றால் கணக்குக்கு 27 வாட்-மணி. ஆனால் காடிப் பேட்டரியை அடிவரை இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால், பாதியளவுதான் நம்பி எடுக்கலாம். இறங்கிய நிலையில் இரண்டு மாதம் பரண் மேல் போட்டுவிட்டால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பத்து நிமிடம்தான்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. பின்புறத்தில் மடக்கிய இரண்டு முள் இருக்கும், நேராகச் சுவர் பிளக்கில் சொருகும் ரகம். உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்காது. ஒரு கெப்பாசிட்டரை வைத்து 230 வோல்ட்டைக் குறைத்திருப்பார்கள். அதாவது சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் எல்லாக் கம்பியும் மெயின் லைனோடு தொடர்பில் இருக்கிறது. உடைந்த ஓட்டின் வழியே விரல் பட்டால் ஷாக் அடிக்கும். ஈரக்கையோடு தொடாதீர்கள். சார்ஜில் இருக்கும்போது சுவிட்சையும் போடாதீர்கள். பேட்டரி செத்திருந்தால் ஏறும் மின்னழுத்தம் முழுவதும் எல்இடி மேல் விழுந்து அதுவும் போய்விடும். குழந்தைகள் நடமாடும் சாளைக்கு இந்த ரகம் ஒத்துவராது என்பதே எங்கள் கருத்து. யுஎஸ்பி வழி சார்ஜ் ஆவதை வாங்குங்கள்.

யுஎஸ்பி-சி ஓட்டை இருந்தாலும் ஒன்றைச் சோதியுங்கள். இரண்டு முனையும் ‘சி’ ஆக இருக்கும் போன் சார்ஜரில் சில லைட் சார்ஜே ஏறாது. பழைய அகல முனை சார்ஜரில் மட்டும் ஏறும். ஓட்டைக்குப் பின்னால் வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரைக் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். வேறு எங்கெல்லாம் மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடையிலேயே கையால் பார்ப்பது

காதருகே வைத்துக் குலுக்குங்கள். லொட லொடவென்று சத்தம் வந்தால் உள்ளே பேட்டரி இறுக்கமாக நிற்கவில்லை. கீழே விழுந்தால் ஒருகணம் தொடர்பு விட்டு அணைந்துவிடும். பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் தடிமனாக இருக்க வேண்டும், முன்பக்கமும் ஸ்பிரிங் இருந்தால் இன்னும் நல்லது. மரையை விரலால் தடவுங்கள். பல் அகலமாக, சொரசொரப்பில்லாமல், பசை பூசியதாக இருந்தால் கவனமாகச் செய்த சரக்கு. கூரான மெல்லிய மரை என்றால் செம்மண் ஏறியதும் அரைத்துத் தேய்ந்துவிடும். மரைக்கு அடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா, வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுவிட்சுக்குக் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் எடுத்துப் போட வர வேண்டும். ‘மினுக்’ ரகத்தில் வேகமாக விட்டுவிட்டு எரியும் நிலை, சாதாரண நிலைகளுக்கு நடுவிலேயே வரிசையில் வந்தால் அந்த லைட்டே வேண்டாம். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பியூஸ் பார்க்கும்போது வெளிச்சத்தைக் குறைக்கப் போய் அது மினுக்கினால், கையை எங்கே வைக்கிறோம் என்றே தெரியாது. கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் லைட் நல்லது. பக்கவாட்டில் சுவிட்ச் இருந்தால் வேட்டி மடியில் வைக்கும்போது தானாக அழுந்தும். முழு வெளிச்சத்தில் துணியோடு ஒட்டிக் கிடந்தால் வேட்டியைப் பொசுக்கிவிடும். பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் லைட் எரியக் கூடாது. அப்படி இருந்தால் மடியில் தைரியமாக வைக்கலாம்.

முன்பக்கத்தை இழுத்து ஒளியைக் குவிக்கும் ‘ஜூம்’ லைட் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். நகரும் பாகம் இருக்கிற இடத்தில் தண்ணீர் நுழையும். குவிக்கும்போது ஓரத்து வெளிச்சம் உள்ளேயே வீணாகிறது. தோட்ட வேலைக்கு நகராத முகப்பே உத்தமம்.

தண்ணீர்த் தாங்குதிறனுக்கு ஐபிஎக்ஸ்-4 என்றால் மழைச்சாரல் வரை. ஐபிஎக்ஸ்-7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ‘எக்ஸ்’ இருக்கும் இடம் தூசுக்கு உரியது. எக்ஸ் போட்டிருந்தால் தூசியைச் சோதித்ததாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். நெல் அடிக்கும் களத்துக்கும் கல் குவாரிக்கும் ஐபி-68 என்று முழு எண் போட்டதைக் கேளுங்கள்.

ஒளியைப் பார்ப்பது

மீதி சோதனை வீட்டில், திருப்பித் தரும் நாள் தாண்டுவதற்குள்.

முதலில் வெள்ளைச் சுவர். ஆறடி தள்ளி நின்று அடியுங்கள். நடுவில் பளிச்சென்ற வட்டம், அதைச் சுற்றி மங்கலாக விரியும் வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் கறுப்பு வளையமோ, நட்ட நடுவில் இருட்டுப் புள்ளியோ இருந்தால் எல்இடி மையத்தில் உட்காரவில்லை. பிறகு போன் கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். குறைந்த வெளிச்ச நிலையில் திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால், லைட் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. லேசாக ஓடினால் பரவாயில்லை. விரலை வேகமாக ஆட்டும்போது துண்டு துண்டாகத் தெரிகிற அளவுக்கு இருந்தால், ஓடும் மோட்டார் பக்கத்தில் அதை வைத்து வேலை செய்யாதீர்கள். சுழலும் பாகம் நின்றுவிட்டது போலவே தோன்றும்.

தூரத்தை அளக்க ஒரு போன் லக்ஸ் செயலி (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளப்பது) போதும். நிலவில்லாத ராத்திரி, வாசலில் டேப் வைத்துச் சரியாக 5 மீட்டர் அளந்து, போனின் முன்பக்க மேல் விளிம்பில் இருக்கும் உணரியின் மேல் வட்டத்தின் நடுவைப் பாய்ச்சுங்கள். வரும் லக்ஸை 25-ஆல் பெருக்கினால் கேண்டெலா, அதாவது ஒளி ஒரு பக்கமாகப் பாயும் வீச்சு. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கணக்கில் தூரம். 900 லக்ஸ் காட்டினால் 22,500 கேண்டெலா, வர்க்கமூலம் 150, ஆகத் தூரம் 300 மீட்டர். போன் உணரி துல்லியமானதல்ல, ஆனால் பாதிக்குப் பாதி புளுகைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த 300 மீட்டரும் 0.25 லக்ஸ், அதாவது தெளிந்த வானத்துப் பௌர்ணமி வெளிச்சம் விழும் தூரம். அங்கே நிற்பது நாயா ஆட்டுக்குட்டியா என்று தெரியாது. அடையாளம் காண மூன்றில் ஒரு பங்கு தூரம் என்று வையுங்கள், 100 மீட்டர்.

நிறம்தான் பலர் கவனிக்காதது. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்தால் நீலம் கலந்த வெள்ளை, 6,500 கெல்வின் (ஒளியின் நிற அளவு, எண் கூடக் கூட நீலம் கூடும்), பிரமாதமாகத் தெரியும். தோப்புக்குள் போனால் கதை மாறும். காய்ந்த தென்னை மட்டை, சருகு, செம்மண் எல்லாம் பழுப்பு. நீல வெளிச்சத்தில் அவ்வளவும் ஒரே சாம்பலாகிவிடும். கண்ணாடிவிரியனின் முதுகில் இருக்கும் பழுப்பு வட்டமும் அதோடு கரைந்துவிடும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரை, நிறம் காட்டும் திறன் (சிஆர்ஐ) 90 என்று போட்ட லைட்டில் ஒவ்வொரு பழுப்பும் தனித்தனியாக நிற்கும். லுமென் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

இதைச் சோதிக்க, முழங்கை நீளத்துக்குப் பழைய தேங்காய் நார்க்கயிறு ஒன்றும் கறுப்புச் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றும் எடுத்து, வேறொருவரை விட்டுச் சருகு மேல் எங்காவது போடச் சொல்லுங்கள். லைட்டை இடுப்பளவில், உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்து, நடக்கும் வேகத்திலேயே நடந்து வாருங்கள். பத்தடிக்கு முன்பே இரண்டும் கண்ணில் பட வேண்டும். கிட்டே வந்து, பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதென்று தாண்டவும் முடியாமல் நின்றுவிட்டால் அந்த லைட் தோற்றது. அதே லைட்டை நெற்றிக்கு நேராகப் பிடித்து ஒருமுறை நடந்து பாருங்கள். நிழல் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடுவதால் தரை தட்டையாகத் தெரியும், கயிறு இன்னும் தாமதமாகத்தான் கண்ணில் படும். தலையில் மாட்டும் லைட் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மட்டும்.

தாக்குப்பிடிக்கிறதா

முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். ஏறி முடிந்ததும் மல்டிமீட்டரில் பேட்டரியைப் பாருங்கள். 4.15 முதல் 4.20 வோல்ட் சரி. 4.25-க்கு மேல் போனால் சார்ஜ் சர்க்யூட் சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி வீங்குவதும் தீப்பிடிப்பதும் இப்படித்தான்.

பிறகு இருட்டறையில் லைட்டைத் தரையில் நிமிர்த்தி நிறுத்தி, கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் போனில் அளங்கள். போன் அசையாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 1 நிமிடம், 5 நிமிடம், அதற்குப் பிறகு 10 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். முதல் அளவை நூறு என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சதவீதமாகிவிடும். சூட்டால் ஒரு படி இறங்கி, பிறகு நெடுநேரம் ஒரே மட்டத்தில் நின்று, கடைசியில் சட்டென்று விழுந்தால் உள்ளே ஒழுங்கான டிரைவர் (மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சர்க்யூட்) இருக்கிறது. முதல் நிமிடத்திலிருந்தே சாய்தளமாக இறங்கிக்கொண்டே போனால் பேட்டரியை நேராக எல்இடியில் கட்டியிருக்கிறார்கள். சூடு ஏறி ஏறிக் கையில் பிடிக்க முடியாத அளவுக்குப் போயும் இறங்கவே இல்லை என்றால் வெப்பப் பாதுகாப்பு இல்லை. உடனே அணைத்துவிடுங்கள்.

மல்டிமீட்டர் பழகியவர்கள் மின்னோட்டத்தையும் அளக்கலாம். பின்மூடியைக் கழற்றி, 10 ஆம்ப் துளையில் போட்ட ஒரு முனையைப் பேட்டரியின் அடியிலும், மற்றதைக் குழலின் வெறும் உலோக விளிம்பிலும் வையுங்கள். சுவிட்ச் பின்மூடியில் இருக்கும் லைட்டில் இதுவே சுவிட்ச் போட்ட மாதிரி. 2.5 ஆம்ப் ஓடினால் ஒன்பது வாட் சொச்சம், ஆக 900 லுமெனுக்கு மேல் எதிர்பார்க்க இடமில்லை. மீட்டர் ஒயரின் தடையால் அளவு கொஞ்சம் குறைத்தே காட்டும். ஆம்ப் நிலையில் இருக்கும் முனைகளைப் பேட்டரியின் இரு தலையிலும் வைத்துவிடாதீர்கள், அது நேரடி ஷார்ட். பக்கச் சுவிட்ச் லைட் என்றால் அணைத்த நிலையிலும் ஒருமுறை அளங்கள். சில பத்து மைக்ரோஆம்ப் என்றால் கவலையில்லை. 5 மில்லிஆம்ப் கசிந்தால் 3,000 எம்ஏஎச் பேட்டரி 25 நாளில் தானே காலியாகிவிடும்.

கடைசியில் தண்ணீர். பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, குழலுக்குள் காகிதக் கைக்குட்டை ஒன்றைச் சுருட்டி வைத்து மூடி, வெயிலில் பத்து நிமிடம் காயவிட்டு, சூட்டோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். வெறுமனே தண்ணீரில் போடுவதைவிட இது கடுமையானது. உள்ளே விரிந்திருந்த காற்று சட்டென்று சுருங்கும்போது ரப்பர் வளையத்தின் வழியே தண்ணீரை உறிஞ்சும். எரிந்து சூடான லைட் கை தவறி வாய்க்காலில் விழும்போது நடப்பதும் இதுதான். அரை மணி கழித்து எடுத்துத் துடைத்துத் திறந்தால் காகிதம் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். முகப்புக் கண்ணாடியின் உட்புறம் பனி படிந்திருந்தாலும் தோல்விதான். வளையத்துக்குத் தேங்காய் எண்ணெயோ வண்டிக் கிரீஸோ போடாதீர்கள், சில ரப்பர் உப்பிவிடும். சிலிகான் கிரீஸ் மிளகளவு போதும்.

சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், ஆனைமலை அடிவாரத்துத் தோட்டக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. ஆனை நிற்கிறதா என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளத்தான் பெரிய லைட். கிட்டே நிற்கும் ஆனையின் கண்ணில் அடிப்பதோ, மினுக்கும் நிலையைப் போட்டு விரட்டுவதோ அதைச் சீண்டுவதாகும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறைக்குப் போன் போடுங்கள். லைட் அடித்து முயல் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.